ரத்தத்தின் சாட்சியம்: பருத்த குழந்தைகளும் கூண்டில் நிறுத்தப்பட்ட அம்மாக்களும்

குழந்தை மெலிந்திருந்தால், "அம்மா ஒழுங்கா சோறு ஊட்டறதில்லையா?" என்பார்கள். பருத்திருந்தால், "எதைத்தான் போட்டு வளக்கிறாளோ?" என்பார்கள். இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். குழந்தையின் கழுத்தைச் சுற்றிக் கறுத்த பட்டை படர்ந்தால், "தேய்ச்சுக் குளிப்பாட்ட மாட்டியா?" என்று மூன்றாவது கேள்வியும் வரும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. ரத்தத்தில் இன்சுலின் அளவு கூடியிருப்பதைத் தோல் காட்டும் அடையாளம் அது. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தாலும் போகாது. இது தெரியாமல் பிள்ளையின் கழுத்தைப் புண்ணாகும்வரை தேய்த்த அம்மாக்கள் நம்மிடையே நிறையப் பேர்.

குழந்தைகளின் உடற்பருமனைப் பற்றி இன்று மருத்துவர்கள் பேசும்போது இன்சுலின், லெப்டின், தைராய்டு, கொலஸ்ட்ரால் என்று ரத்தத்தில் அளக்கப்படும் பொருள்களின் பட்டியல் நீள்கிறது. ஆய்வகத் தாளில் எண்களாக வந்து நிற்கும் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. அது சுரப்பிகளின் வரலாறு மட்டுமல்ல. பருத்த குழந்தைக்கு யார் பொறுப்பு என்று மருத்துவம் நடத்திய விசாரணையின் வரலாறும்கூட. அந்த விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் பெண்கள். குற்றப்பத்திரிகை எழுதியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். சாட்சியத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள்.

சுரப்பியின் காலம்

1901-ல் வியன்னாவைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் ஃப்ரோலிக் என்ற மருத்துவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியருகே கட்டி வளர்ந்ததால் அந்த 14 வயதுப் பையனுக்குப் பார்வை மங்கியது. உடல் பருத்தது. பருவ வளர்ச்சி நின்றுபோனது. மிக அரிதான நோய் அது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் 'ஃப்ரோலிக் நோய்' என்ற பெயர், கண்ணில் பட்ட பருத்த பிள்ளைகளுக்கெல்லாம், குறிப்பாகப் பையன்களுக்கு, ஒட்டப்படும் முத்திரையாகிவிட்டது. "சுரப்பிக் கோளாறு" என்றார்கள். தைராய்டு சாறும் பிட்யூட்டரி சாறும் மருந்தாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஹார்மோன்களை அளக்கும் வழியே அப்போது கிடையாது. கண்ணால் பார்த்து, ஊகித்து, ஊசி போட்டார்கள்.

இந்த ஊகத்தை உடைத்தவர் ஹில்டே ப்ரூக். 1904-ல் ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற குழந்தை மருத்துவர். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்துக்கும், அடுத்த ஆண்டு நியூயார்க்குக்கும் போனார். பெருமந்தத்தின் காலம் அது. வேலையும் பணமும் இல்லாமல் அமெரிக்கா தவித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரின் தெருக்களில் இத்தனை பருத்த குழந்தைகளா என்பது அவரை வியப்பில் ஆழ்த்தியது.

1937 முதல் அங்குள்ள பேபீஸ் மருத்துவமனையில் அந்தக் குழந்தைகளைப் பொறுமையாக ஆராய்ந்தார் ப்ரூக். உயரத்தை அளந்தார். எலும்பு வளர்ச்சியைப் பார்த்தார். சுரப்பிக் குறைபாடு இருந்தால் வளர்ச்சி பின்தங்க வேண்டும். இந்தப் பிள்ளைகளோ தங்கள் வயதுப் பிள்ளைகளைவிட உயரமாக, எலும்பு முதிர்ச்சியில் முந்தி இருந்தார்கள். அடுத்து ரத்தத்துக்குப் போனார். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும் என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கொலஸ்ட்ராலையும், உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலையும் சேர்த்து அளந்தார். தைராய்டுக் குறைபாட்டுக்கான ஆதாரம் கிடைக்கவில்லை. 1939-ல் வெளியான அவருடைய கட்டுரைகள், 'சுரப்பிக் கோளாறு' என்ற முத்திரை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று காட்டின. ஃப்ரோலிக்கின் அந்த முதல் நோயாளியைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதி, இந்தப் பிள்ளைகள் அவனைப் போன்றவர்கள் அல்லர் என்று நிறுவினார்.

ஆண் மருத்துவர்கள் முப்பதாண்டுகளாகச் சொல்லிவந்ததை, அகதியாக வந்த ஒரு பெண் அளவுகோலும் ரத்தக் குப்பியும் கொண்டு மறுத்தார். கதை இங்கேயே முடிந்திருந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

நாற்பது வீடுகள்

சுரப்பி காரணமில்லை என்றால் வேறெது காரணம்? ப்ரூக் வீடுகளுக்குப் போனார். சமூகப் பணியாளரான கிரேஸ் டூரேனுடன் சேர்ந்து 40 குடும்பங்களை ஆராய்ந்து 1940-ல் வெளியிட்ட கட்டுரை, பருத்த குழந்தைகளின் 'குடும்பச் சட்டகம்' பற்றியது. அதில் வரும் தாய், வீட்டில் ஆதிக்கம் செலுத்துபவள். தந்தை வலுவற்றவர். தாய்க்கு உள்ளூரக் குழந்தைமேல் முழு அன்பில்லை. அந்தக் குறையை மறைக்க உணவைத் திணிக்கிறாள். ஓடி விளையாட விடாமல் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். அன்புக்குப் பதில் சோறு. இதுதான் அந்தக் கட்டுரையிலிருந்து பொதுப்புத்திக்குப் போய்ச் சேர்ந்த செய்தி.

அந்த அம்மாக்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்கள். சிறுவயதில் வறுமையையும் பாதுகாப்பின்மையையும் கண்டவர்கள் என்பதை ப்ரூக்கே பதிவுசெய்திருக்கிறார். பட்டினியை அறிந்த பெண், தன் பிள்ளையின் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பதில் வியப்பென்ன? பஞ்சக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நம் பாட்டிமார்கள் "இன்னொரு கை சாப்பிடு கண்ணு" என்று சொன்னதை யாராவது மனநோய் என்போமா? ப்ரூக் பசியின் வரலாற்றைப் பார்த்தார். ஆனால் அதைத் தாயின் உளவியலாக மட்டுமே வாசித்தார். நகரத்துத் தெருவில் குழந்தைக்கு விளையாட இடமிருந்ததா, அப்பா எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்பதெல்லாம் அம்மாவின் குணச்சித்திரத்துக்குப் பின்னால் மங்கிப்போயின.

இதற்கு அன்றைய காலமும் துணை நின்றது. 1942-ல் ஃபிலிப் வைலி என்ற எழுத்தாளர், அமெரிக்க ஆண்களைக் கெடுப்பவர்கள் அவர்களுடைய அம்மாக்களே என்று நூல் எழுதிப் புகழ்பெற்றார். 1943-ல் டேவிட் லெவி தாயின் 'அளவுமீறிய பாதுகாப்பு' பற்றி நூல் எழுதினார். பிற்பாடு ஆட்டிசத்துக்கும் 'குளிர்பதனப் பெட்டித் தாய்' காரணம் என்றார்கள். பாசம் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்.

ப்ரூக்கை வில்லியாக்குவது என் நோக்கமில்லை. உணவுச் சிக்கல் கொண்ட இளம் பெண்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட முன்னோடி மருத்துவர் அவர். 1978-ல் வெளிவந்த அவருடைய 'தங்கக் கூண்டு' என்ற நூல், பட்டினி கிடந்து தம்மை வருத்திக்கொள்ளும் பெண்களின் துன்பத்தை உலகுக்குப் புரியவைத்தது. ஆனால் பெண்ணாக இருப்பது மட்டுமே ஆணாதிக்கப் பார்வையிலிருந்து நம்மைக் காப்பாற்றிவிடாது என்பதற்கும் அவரே எடுத்துக்காட்டு. குழந்தைகளைச் சுரப்பி மருந்துகளிலிருந்து விடுவித்த அதே கை, அம்மாக்களைக் கூண்டில் ஏற்றியது.

பிராங்ஸில் ஓர் இயற்பியலாளர்

ப்ரூக் அளக்க முடியாத ஒன்று இருந்தது. ஹார்மோன்கள் ரத்தத்தில் மிக மிகச் சொற்பமாகவே இருக்கும். அன்றைய வேதியியல் சோதனைகளுக்கு அவை சிக்கவில்லை. அந்தக் கதவைத் திறந்தவர் ரோசலின் யாலோ. 1921-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தவர். இயற்பியல் படித்த யூதப் பெண்ணுக்கு மேற்படிப்பு எளிதாகக் கிடைக்கவில்லை. சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு ஒரு விஞ்ஞானியிடம் செயலராகச் சேர்ந்து, அந்தப் புறவாசல் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையலாம் என்று நினைத்தார். 1941-ல் இல்லினாய் பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் இடம் கிடைத்தபோது, அங்கிருந்த 400 பேரில் அவர் ஒருவரே பெண். போருக்கு ஆண்கள் போய்விட்டதால் கிடைத்த இடம் அது என்பதை அவரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

1947-ல் பிராங்ஸிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்தார். சாலமன் பெர்சன் என்ற மருத்துவருடன் சேர்ந்து, 1959-60-ல் ரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கினார். அந்த முறையைப் பந்தி உவமையால் புரிந்துகொள்ளலாம். பந்தியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இலை போட்டிருக்கிறது. முதலில் கதிரியக்க அடையாளம் இட்ட இன்சுலினை உட்கார வைக்கிறோம். பிறகு நோயாளியின் ரத்தத்தைச் சேர்த்தால் அதிலுள்ள இன்சுலினும் இடத்துக்குப் போட்டி போடும். அடையாளம் இட்டவர்களில் எத்தனை பேர் இடமின்றி வெளியே நிற்கிறார்கள் என்று எண்ணினால், புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டுவிடலாம். இலைகளின் இடத்தில் இருப்பவை இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள்.

இந்த முறைக்குக் காப்புரிமை வாங்க இருவரும் மறுத்தார்கள். உலகின் எந்த ஆய்வகமும் பயன்படுத்தட்டும் என்று விட்டார்கள். பெர்சன் 1972-ல் இறந்தார். 1977-ல் நோபல் பரிசு யாலோவுக்குக் கிடைத்தது. மருத்துவத்துக்கான நோபல் பெற்ற இரண்டாவது பெண் அவர். இந்த ஆய்வுவரிசையின் தொடக்கக் கட்டுரையை ஓர் ஆய்விதழ் நிராகரித்து அனுப்பிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, நோபல் உரையிலேயே காட்டினார்.

அளந்து பார்த்ததில் வந்த முடிவு எதிர்பாராதது. நடுவயதில் சர்க்கரை நோய் வந்தவர்களின் ரத்தத்தில் இன்சுலின் குறைவாக இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். பலருக்கு அது குறையவில்லை, கூடியிருந்தது. பருத்தவர்களிடமும் அப்படியே. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. குழந்தையின் கழுத்துக் கறுப்புக்கும் இதுவே காரணம். எடை குறைந்தால் இந்த அளவும் பெரும்பாலும் இறங்குகிறது. ரத்தத்தில் மாறியிருக்கும் ஓர் எண், பருமனுக்குக் காரணமாகவும் இருக்கலாம், பருமனின் விளைவாகவும் இருக்கலாம் என்ற பாடம் இங்கேதான் தொடங்குகிறது. இன்றும் பருத்த குழந்தைகள் பலருக்கு டி.எஸ்.எச். அளவு சற்றுக் கூடித் தெரியும். "தைராய்டுதான் காரணம்" என்று வீடே முடிவுகட்டிவிடும். பெரும்பாலும் அது பருமனால் வந்த மாற்றம். எடை குறைந்தால் அதுவும் தானே சரியாகிறது. 1930-களின் சுரப்பிக் கதை புது வேடத்தில் திரும்பி வருகிறது.

பெருத்த எலியும் பெயர் மறைந்த பெண்களும்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கான சுண்டெலிகளை வளர்க்கும் இடம். அங்கே வழக்கமான எலிகளைப்போல மூன்று மடங்குவரை எடை போடும் ஓர் எலி வகை 1949-ல் தோன்றியது. அதைப் பற்றி 1950-ல் வெளியான கட்டுரையின் ஆசிரியர்கள் ஆன் இங்கல்ஸ், மார்கரெட் டிக்கி, ஜார்ஜ் ஸ்னெல். முதல் இருவரும் பெண்கள். 1966-ல் அதே ஆய்வகத்தில், பருமனோடு சர்க்கரை நோயும் கொண்ட இன்னொரு எலி வகை பதிவானது. அதை எழுதியவர்கள் கேதரின் ஹம்மல், மீண்டும் மார்கரெட் டிக்கி, டக்ளஸ் கோல்மன்.

கோல்மன் இவ்விரு எலிகளின் ரத்த ஓட்டத்தையும் இணைத்துச் சோதித்தார். இரண்டாம் வகையின் ரத்தம் பாய்ந்ததும் முதல் வகை எலி சாப்பிடுவதையே நிறுத்திப் பட்டினியால் இறந்தது. முதல் எலிக்கு 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் இல்லை. இரண்டாம் எலிக்கு அந்தப் பொருள் இருக்கிறது, ஆனால் மூளை அதைக் கேட்கவில்லை. 1973-ல் அவர் எட்டிய முடிவு இது. அந்தப் பொருளை ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994-ல் கண்டுபிடித்தது. மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கொழுப்புத் திசுவே சுரக்கும் ஹார்மோன் அது. கோல்மனும் ஃப்ரீட்மனும் 2010-ல் லாஸ்கர் விருது பெற்றார்கள். கூண்டு கூண்டாகப் பார்த்து அந்த எலிகளை இனங்கண்டு எழுதிவைத்த இங்கல்ஸ், டிக்கி, ஹம்மல் ஆகியோரின் பெயர்கள் அடிக்குறிப்புகளில் தங்கிவிட்டன.

லெப்டின் கண்டுபிடிக்கப்பட்டதும் மருந்து நிறுவனங்கள் ஓடிவந்தன. ஆம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து உரிமம் பெற்றது. ஆனால் பருத்த மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடியே இருந்தது. ஊசியால் பெரிய பயன் விளையவில்லை. பலரும் ஆர்வமிழந்தார்கள்.

எட்டு வயதுச் சிறுமி

அந்த நேரத்தில்தான் இங்கிலாந்திலிருந்து இரண்டு குழந்தைகளின் கதை வந்தது. பாகிஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம். நம்மூரில் அத்தை மகன், மாமன் மகள் என்று முடிப்பதுபோல உறவுக்குள் மணம் முடிப்பவர்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, எடை 86 கிலோ. அவளுடைய சொந்தக்காரப் பையனுக்கு இரண்டு வயது, எடை 29 கிலோ. பிறந்தபோது இருவருக்கும் எடை இயல்பாகவே இருந்தது. சில மாதங்களில் அடங்காத பசி தொடங்கியது. சிறுமியின் கால் எலும்புகள் எடை தாங்காமல் வளைந்து, அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது.

கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலியின் குழுவில் இளம் மருத்துவராகச் சேர்ந்திருந்த சதஃப் ஃபரூக்கியும் சக ஆய்வாளர்களும் அவர்களுடைய ரத்தத்தில் லெப்டினை அளந்தார்கள். இவ்வளவு கொழுப்புள்ள உடலில் அது மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் ஏறக்குறைய இல்லவே இல்லை. லெப்டினை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. 1997-ல் இந்தச் செய்தி வெளியானது. அதுவரை அந்த வீட்டு அம்மாக்கள் கேட்டிருக்கக்கூடிய பேச்சுகளை நம்மால் ஊகிக்க முடியும். பிள்ளை பசி என்று கதறும்போது கொடுத்தால் ஒரு பழி, கொடுக்காவிட்டால் வேறு பழி.

சிறுமிக்கு லெப்டின் ஊசி தினமும் போடப்பட்டது. தொடங்கும்போது அவளுக்கு 9 வயது, எடை 94.4 கிலோ. இரண்டு வாரங்களிலேயே எடை இறங்கத் தொடங்கியது. ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. உளவியல் ஆலோசனையோ, அம்மாவின் மனமாற்றமோ, கண்டிப்பான உணவுப் பட்டியலோ செய்யாததை, ரத்தத்தில் இல்லாதிருந்த ஒரு பொருள் வந்ததும் செய்தது. பசியைக் குழந்தைக்குத் தாய் தவறாகக் கற்றுக்கொடுக்கிறாள் என்று ப்ரூக் தம் பிற்கால நூல்களில் எழுதியிருந்தார். பசியும் நிறைவும் ரத்தத்தின் வழியே மூளைக்குப் போகும் செய்திகள் என்று இந்தச் சிறுமியின் உடல் காட்டியது.

2010-ல் ஃபரூக்கியின் குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. கடுமையாகப் பருத்த 300 குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, சிலருக்கு 16-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே இல்லாதிருந்தது. அவர்களில் சில குழந்தைகள் அரசின் சமூகநலத் துறையால் 'ஆபத்திலுள்ள குழந்தைகள்' பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்குமீறி ஊட்டுகிறார்கள், அதுவும் ஒருவகைக் கொடுமை என்பது ஐயம். ஆய்வு முடிவு வந்ததும் அவர்களுடைய பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. உளவியல் கட்டுரையாக 1940-ல் தொடங்கியது, எழுபது ஆண்டுகளில் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கும் அளவுக்கு அரசின் கையில் வலுப்பெற்றிருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியது ஒரு குப்பி ரத்தம்.

தத்துப் பிள்ளைகளின் எடை

இவையெல்லாம் அரிய நோய்கள்தானே, மற்ற குழந்தைகளுக்கு அம்மாதானே காரணம் என்று கேட்கலாம். 1986-ல் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட், டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதற்குப் பதில் தருகிறது. அவர்களுடைய உடலமைப்பு பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 2008-ல் லண்டன் உளவியலாளர் ஜேன் வார்டில், 5,000-க்கும் மேற்பட்ட இரட்டைக் குழந்தை இணைகளை ஆராய்ந்து, குழந்தைகளிடையே உடல் எடையில் காணும் வேறுபாட்டில் 77 விழுக்காடு மரபுவழி வருவது என்று கணக்கிட்டார். பிள்ளையின் எடைக்கான பழி முழுவதையும் பெற்றோர்மேல் போடுவது தவறு என்றும் எழுதினார்.

அப்படியானால் எல்லாம் மரபணுதானா? அதுவும் இல்லை. மரபணுக்கள் ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது அவற்றைச் சுற்றியுள்ள உலகம். பையில் அடைத்த நொறுக்குத்தீனி, இனிப்பூட்டிய குளிர்பானம், ஓடமுடியாத தெரு, மைதானமில்லாத பள்ளி. இந்த உலகில் ஒரு குழந்தை பருக்கும், பக்கத்தில் இன்னொன்று பருக்காது. யார் பருப்பார்கள் என்பதில் மரபின் பங்கு பெரிது. எத்தனை பேர் பருப்பார்கள் என்பதில் சந்தையின் பங்கு பெரிது. இவ்விரண்டையும் அம்மாவால் தனியாக மாற்ற முடியாது.

கருப்பைக்கு நகர்ந்த குற்றச்சாட்டு

அடுப்படியிலிருந்து விடுவிக்கப்பட்ட குற்றச்சாட்டு அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் கருப்பை. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் 1911 முதல், எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற பெண் அதிகாரியின் ஏற்பாட்டில், மருத்துவச்சிகளும் செவிலியரும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் பேரேடுகளில் குறித்துவந்தார்கள். அந்தப் பேரேடுகளைக் கொண்டு டேவிட் பார்க்கர், எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் கூடுதலாக வருகிறது என்று காட்டினார்.

இந்தியாவில் இந்த ஆய்வைப் புதிய திசைக்குக் கொண்டுபோனது புனே. 1993 முதல் புனே அருகிலுள்ள ஆறு கிராமங்களின் பெண்களைச் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு தொடர்ந்து கவனித்துவந்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்குத் தசை குறைவு, தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. இன்னோர் ஆய்வில், புனேயில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் லண்டன் வெள்ளையினக் குழந்தைகளைவிட இன்சுலின் அதிகமாக இருந்தது. அந்தக் கிராமங்களில் கர்ப்பகாலத்தில் வைட்டமின் பி12 குறைந்து ஃபோலேட் கூடியிருந்த பெண்களின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவரச் செயல்படவில்லை என்று 2008-ல் வெளியிட்டார்கள்.

இந்த எண்களை இரண்டு விதமாக வாசிக்கலாம். "கர்ப்பத்தில் ஒழுங்காகச் சாப்பிடாத தாயால் பிள்ளைக்குச் சர்க்கரை நோய்" என்று தலைப்புப் போடலாம். ஆனால் அதே புனே குழுவினர் வேறொன்றையும் அளந்தார்கள். அந்தப் பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு தண்ணீர் சுமந்தார்கள், வயலில் வேலை செய்தார்கள், துணி துவைத்தார்கள். வேலை கடுமையாகக் கடுமையாகப் பிறந்த குழந்தை சிறுத்தது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் யார், பாலும் முட்டையும் யார் தட்டுக்கு முதலில் போகின்றன, ஊரின் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவை எல்லாம் சேர்ந்துதான் தொப்புள்கொடி ரத்தத்தில் ஓர் எண்ணாக நிற்கின்றன. அந்த எண்ணைத் தாயின் அலட்சியம் என்று வாசிப்பவர், பாதித் தாளை மடித்துவைத்துக்கொண்டு வாசிக்கிறார்.

2014-ல் அறிவியல் வரலாற்றாய்வாளர் சாரா ரிச்சர்ட்சனும் சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் இதையே எச்சரித்தார்கள். கருவிலேயே நோய்க்கு வித்திடப்படுகிறது என்னும் ஆய்வுகளை மிகைப்படுத்திச் சொல்வது தாய்மார்களைப் பழிப்பதிலும் கண்காணிப்பதிலும் போய் முடியும் என்றார்கள். தந்தையின் பங்கும் சமூகத்தின் பங்கும் பேசப்படுவதே இல்லை என்றும் சுட்டிக்காட்டினார்கள்.

சான்றிதழ் இல்லாத அம்மாக்கள்

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருக்கிறது. லெப்டின் இல்லாத பிள்ளையின் தாய் விடுதலையானாள். குரோமோசோம் துண்டு இல்லாத பிள்ளையின் தாயும் விடுதலையானாள். அவர்களிடம் ஆய்வகச் சான்றிதழ் இருந்தது. மற்றவர்களுக்கு? ஆயிரக்கணக்கான பருத்த குழந்தைகளின் ரத்தத்தில் பெயர் சொல்லக்கூடிய எந்த அரிய குறையும் கிடைக்காது. இன்சுலின் கூடியிருக்கும், கொழுப்பு கூடியிருக்கும், அவ்வளவுதான். "எல்லாம் நார்மல், சாப்பாட்டைக் குறைங்கம்மா" என்ற ஒற்றை வரியோடு அந்த அம்மாக்கள் வெளியே அனுப்பப்படுகிறார்கள். சான்றிதழ் கிடைத்தவர்களை விடுவிப்பதோடு நின்றால், கிடைக்காதவர்கள் குற்றவாளிகளே என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தீர்ப்பு தவறியது மட்டுமல்ல நம் புகார். பிள்ளையின் உடலுக்காக ஒருத்தியை மட்டும் விசாரிக்கும் அந்த நீதிமன்றமே தவறு.

வேறு விதமாக விசாரித்த நாடுகளும் உண்டு. சிலி 2016-ல் கொண்டுவந்த சட்டப்படி, சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த உணவுப் பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும். குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மைகளை அவற்றில் அச்சிடக் கூடாது. பள்ளிக்குள் அவற்றை விற்கவும் கூடாது. நம் நாட்டிலும் 2020-ல் வந்த விதிகள், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இத்தகைய உணவுகளை விற்கக் கூடாது என்கின்றன. நம் தெருப் பள்ளியின் வாசலில் நின்று 50 மீட்டரை ஒருமுறை நடந்து பார்த்தால், அந்த விதி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2019-21-ன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 3.4 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் இது 2.1 ஆக இருந்தது. குறைவும் மிகையும் ஒரே நாட்டில், சில நேரம் ஒரே வீட்டில். இரண்டுக்கும் அம்மாவைத்தான் கேட்பார்கள்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழுத்துக் கறுப்போ, அடங்காத பசியோ இருக்கும் குழந்தைக்குச் சோதனை அவசியம். பிறந்த சில மாதங்களிலேயே எடை தாறுமாறாக ஏறினால், மரபணுக் காரணம் உண்டா என்று கேட்பது நம் உரிமை. ஆனால் தாளை வாங்கிக்கொண்டு மருத்துவர் முன் உட்காரும்போது, அடுத்த நாற்காலியில் குழந்தையின் அப்பாவும் உட்கார்ந்திருக்கட்டும். "வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள்?" என்ற கேள்வி இருவரிடமும் கேட்கப்படட்டும். பிள்ளை எங்கே விளையாடுகிறது, பள்ளி வாசலில் என்ன விற்கிறார்கள், கர்ப்பமாக இருந்தபோது நீங்கள் சாப்பிட்டீர்களா, ஓய்வெடுத்தீர்களா என்ற கேள்விகளும் அந்தத் தாளில் இடம்பெறட்டும். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்லத் தொடங்கலாம்.